கையில் எடுத்துப் போன வெளிச்சம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் பாட்டியின் படம் ஒன்று தொங்குகிறது. தேக்குச் சட்டம், கண்ணாடி, சந்தனப் பொட்டு எல்லாம் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் ஒரு நிமிஷம் நிற்காமல் போவதில்லை. "என்ன கண், என்ன கண்! நம்மைப் பார்த்துப் பேசுகிற மாதிரியே இருக்கிறதே!" என்பார்கள். அப்போதெல்லாம் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோமே தவிர வாயைத் திறப்பதில்லை. அந்தக் கண்கள் பாட்டியின் கண்கள் அல்ல என்பது எங்கள் வீட்டு ரகசியம்.

பாட்டி தன் ஆயுளில் போட்டோவுக்கு என்று உட்கார்ந்தவள் அல்ல. 1988-இல் என் அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரர் தோளில் ஒரு பாட்டரிப் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, காமிராவின் பக்கவாட்டில் கைப்பிடி வைத்த பெரிய பிளாஷ் விளக்கு ஒன்றைப் பொருத்தியிருந்தார். மணமேடையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தபோது மனிதர் சமையற்கட்டுப் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறார். பாட்டி அங்கே வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பளிச்சென்று ஒரு மின்னல். அவ்வளவுதான்.

ஆல்பம் வந்தபோது அந்தப் படமும் அதில் இருந்தது. பாட்டி கண்களை இறுக மூடியிருந்தாள். வலது கை கழுத்துக்கு நேராக உயர்ந்திருந்தது. உள்ளங்கை வெளிப்பக்கம் பார்த்திருந்தது. "பிளாஷ் வெளிச்சத்தில் பாட்டிக்குக் கண் கூசிவிட்டது" என்று எல்லோரும் சிரித்தார்கள். எட்டு வயதுப் பையனாக இருந்த நானும் சிரித்தேன்.

1993-இல் பாட்டி காலமானாள். தேடிப் பார்த்ததில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரே படம். அப்பா அதை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனார். "இதற்கென்ன சார், என்லார்ஜ் பண்ணும்போது கையை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். கண்ணையும் திறந்து கொடுத்துவிடுகிறேன்" என்றாராம் டச்சப் வேலை செய்கிறவர். சொன்னபடியே திறந்தும் கொடுத்துவிட்டார். யாருடைய கண்களை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினாரோ, அந்தக் கண்கள்தாம் முப்பது வருஷங்களுக்கு மேலாக எங்கள் கூடத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கின்றன.

கதை எழுதுகிறவனுக்கு வேண்டாத விஷயங்களில் எல்லாம் புத்தி போகும். சில வருஷங்களுக்கு முன்னால் காமிராவோடு சேராமல் தனியே விற்கிற பிளாஷ் விளக்கு ஒன்றை வாங்கினேன். அதை வைத்துக்கொண்டு படம் எடுக்கப் பழகியதைவிட அதன் பூர்வோத்திரத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். படிக்கப் படிக்க, இது ஏதோ ஒரு கருவியின் கதை மட்டும் அல்ல என்று தோன்றிற்று. இருட்டில் இருக்கிற இன்னொருவர் மேல் வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறவனுக்கு என்ன உரிமை இருக்கிறது என்ற பழைய வழக்கும் அதோடு கூடவே நடந்து வந்திருக்கிறது. பாட்டியின் படத்துக்கு அந்த வழக்கில் ஒரு சிறிய சாட்சியம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போட்டோக் கலை 1839-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்று முதல் பல வருஷங்களுக்கு அந்தக் கலைக்குச் சூரியன்தான் எஜமான். அவன் புகாத இடத்தில் காமிராவுக்கு வேலை இல்லை. கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோக்களில் வாடிக்கைக்காரர்கள் அசையாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேகம் மூடினால் கடையையும் மூட வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்து ரசாயன வகுப்பில் புன்சன் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. அந்தப் புன்சனும் அவருடைய சகா ராஸ்கோவும் மக்னீஷியம் என்ற உலோகம் எரியும்போது வருகிற வெள்ளை வெளிச்சத்தை ஆராய்ந்து, இது போட்டோ எடுக்க உதவும் என்று 1850-களின் கடைசியில் எடுத்துச் சொன்னார்கள். 1864-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துப் போட்டோக்காரர் ஆல்பிரட் பிரதர்ஸ் என்பவர், டெர்பிஷயரில் புளூ ஜான் சுரங்கத்தின் உட்புறத்தை மக்னீஷிய வெளிச்சத்தில் படம் பிடித்தார். மறு வருஷம் 1865-இல் ஸ்காட்லாந்தின் அரசாங்க வான சாஸ்திரி பியாட்ஸி ஸ்மித் எகிப்துக்குப் போய், அதே வெளிச்சத்தைக் கொண்டு பெரிய பிரமிடின் உள்ளறைகளைப் படம் எடுத்தார்.

வெளிச்சத்தை மனிதன் கையில் எடுத்துக்கொண்டு போகக் கற்றுக்கொண்டுவிட்டான். இதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை. குகைக்குக் கண் கூசுவதில்லை. பிரமிடுக்குள் இருக்கிற கல் தொட்டி, "யாரையப்பா கேட்டு உள்ளே வந்தாய்?" என்று கேட்பதில்லை. மனிதர்கள் இருக்கிற இருட்டறைக்குள் இந்த வெளிச்சம் நுழைந்தபோதுதான் விவகாரம் ஆரம்பமாயிற்று.

அதற்கு வழி செய்தது 1887-ஆம் வருஷம். ஜெர்மனியில் அடால்ப் மீதே, யோஹான்னஸ் கெடிக்கே என்ற இருவர் மக்னீஷியப் பொடியோடு பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் கலந்து ஒரு பிளாஷ் பொடி தயாரித்தார்கள். பற்றவைத்தால் குபீரென்று ஒரு வெளிச்சம், உடனே வெண்புகை. அதே காலத்தில், ஈரம் காயாமல் எடுத்தாக வேண்டிய பழைய பிளேட்டுகள் போய், பெட்டியில் எடுத்துச் செல்லக்கூடிய உலர்ந்த கண்ணாடி பிளேட்டுகளும் வந்துவிட்டன. பொடியும் பிளேட்டும் ஒன்று சேர்ந்தன. சேர்த்துவைக்க ஒரு மனிதர்தான் வேண்டியிருந்தது.

அவர் நியூயார்க்கில் இருந்தார். ஜேக்கப் ரீஸ் என்று பெயர். டென்மார்க் தேசத்தில் ரீப என்ற சிற்றூரில் 1849-இல் பிறந்தவர். 1870-இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். வேலை இல்லை, கையில் காசு இல்லை. வீடில்லாதவர்கள் இரவில் படுத்துக்கொள்ளப் போலீஸ் ஸ்டேஷன்களிலேயே அறைகள் இருந்த காலம் அது. ஓர் இரவு அப்படி ஓர் அறையில் படுத்தார். கழுத்தில் இருந்த தங்கப் பதக்கம் திருட்டுப் போயிற்று. காலையில் முறையிட்டவரை வெளியே தள்ளினார்கள். அவரைத் தொடர்ந்து வந்து வாசலிலேயே காத்துக்கிடந்த தெருநாய் ஒன்றைப் போலீஸ்காரன் அவர் கண்ணெதிரே அடித்துக் கொன்றான். அந்த இரவை ரீஸ் கடைசி வரையில் மறக்கவில்லை.

1877-இல் அவர் பத்திரிகை நிருபரானார். மல்பெரி தெருவில் போலீஸ் தலைமை அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஆபீஸ். கொலை, தீ விபத்து, வாந்திபேதி என்று எது நடந்தாலும் ஓட வேண்டிய உத்தியோகம். ஓடிய இடமெல்லாம் குச்சு வீடுகள் நிறைந்த அடுக்குமாடிக் கட்டடங்கள். இத்தாலியர்களும் யூதர்களும் ஐரிஷ்காரர்களும் சீனர்களும் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். வெளிச்சம் இல்லை, காற்று இல்லை. இதைப் பற்றி எழுதிக் குவித்தார் ரீஸ். படிக்கிறவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்கள். எழுத்துக்கு இருக்கிற சக்தி எவ்வளவு என்று என் போன்றவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை!

அப்படி இருக்கும்போது 1887-இல் ஒரு நாள், காலை ஆகாரத்தின்போது பத்திரிகையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எதிரே இருந்த மனைவி திடுக்கிடும்படி ஒரு கூச்சல் போட்டார். ஜெர்மன் பிளாஷ் பொடியைப் பற்றி நாலு வரிச் செய்தி அதில் வந்திருந்தது. பல வருஷங்களாக அவர் தேடிக்கொண்டிருந்த பொருள் அதுதான்.

சுகாதார இலாகாவைச் சேர்ந்த டாக்டர் ஜான் நேகல், காமிராப் பழக்கம் உள்ள இன்னும் இரண்டு நண்பர்கள், பாதுகாப்புக்குச் சில சமயம் ஒரு போலீஸ்காரர் என்று ஒரு படையே சேர்ந்தது. நடுநிசிக்கு மேல் புறப்படுவார்கள். பொடியைத் தோட்டாவில் அடைத்துக் கைத்துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் வைத்துச் சுடுவது அப்போதைய முறை. கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். ஓர் அறையில் பகலெல்லாம் உழைத்துவிட்டுப் பத்துப் பேர் தூங்குகிறார்கள். கதவு திறக்கிறது. முன்பின் தெரியாத நாலு கனவான்கள் உள்ளே நுழைகிறார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி. டமார் என்ற சப்தம், பிரளயம் போல் வெளிச்சம், மூச்சு முட்டப் புகை. புகை அடங்குவதற்குள் வந்தவர்களைக் காணோம்! சிலர் ஜன்னல் வழியாகத் தப்பி ஓடினார்களாம். துப்பாக்கியைக் கண்டு ஜனங்கள் நடுங்குவதைப் பார்த்து ரீஸ் அதைக் கைவிட்டார். அதற்குப் பதில் சாதாரண வறுவல் சட்டி ஒன்றை எடுத்துக்கொண்டார். அதில் பொடியைக் கொட்டிப் பற்றவைப்பதுதான் புதிய முறை. வறுவல் சட்டியைக் கண்டால் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும் என்பது அவர் எண்ணம்.

பேயார்ட் தெருவில் அவர் எடுத்த படம் ஒன்று மிகவும் பிரசித்தம். ஒரு பக்கம் பதின்மூன்று அடிகூட இல்லாத அறை. ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர் அதில் படுத்திருந்ததாக ரீஸ் எழுதியிருக்கிறார். இரவுக்கு ஆளுக்கு ஐந்து சென்ட் வாடகை. படத்தில் அத்தனை பேரும் தெரியவில்லை. தெரிகிறவர்களில் சிலர் தூக்கக் கலக்கத்தோடு காமிராவைப் பார்க்கிறார்கள். மூட்டை முடிச்சுகள், பெட்டி, தகரச் சாமான்கள் எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. அந்த அறைக்குள் அவ்வளவு வெளிச்சம் அதற்கு முன் ஒரு நாளும் வந்திருக்காது. பின்னும் வந்திருக்காது.

இன்னொரு சம்பவம். வாடகைக் கட்டடம் ஒன்றின் உச்சியில் இருந்த மச்சறையில் ஐந்து குருட்டுப் பிச்சைக்காரர்களைப் படம் எடுக்கப் போனார் ரீஸ். பொடியைக் கொளுத்தினார். அந்த வெளிச்சத்தில் அங்கே கண் கூசிப் பார்வை மங்கியவர் ஒரே ஒருவர், ரீஸ்தான். அவருக்குக் கண் தெளிந்தபோது சுவரில் தொங்கிய காகிதமும் கந்தலும் பற்றி எரிந்துகொண்டிருந்தன. கண் தெரியாத ஐவருக்கும் அது தெரியாது. தெருவுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஆட்டம் காணும் மரப்படிகள். கட்டடம் பூராவும் ஏழைக் குடும்பங்கள். இவர்களை எப்படி வெளியே கொண்டுபோவது என்று நினைத்தபோது ரீஸுக்கு ரத்தம் உறைந்துவிட்டது. ஓடிப் போய் உதவிக்கு ஆள் கூப்பிடாமல், தாமே போராடித் தீயை அணைத்தார். கீழே வந்து தெரிந்த போலீஸ்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னாராம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். போன குளிர்காலத்தில் அந்தக் கட்டடம் ஆறு தடவை தீப்பற்றியும் எரியவில்லை, சுவரில் அப்பியிருக்கிற அழுக்கின் கனம் நெருப்பையே மூச்சுத் திணற அடித்துவிட்டது என்றாராம்!

இந்தச் சிரிப்புக் கதையை ரீஸ் தம் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பார்க்க முடியாதவர்களை ஊருக்குக் காட்டுவதற்காக ஒருவர் வெளிச்சம் கொண்டுபோகிறார். வெளிச்சமே அவர்களைக் கொல்லப் பார்க்கிறது. படம் எடுக்கப்படுகிறது என்பது அந்த ஐந்து பேருக்கு எந்த அளவுக்கு விளங்கியிருக்கும்?

ஆனால் இதைச் சொல்லிவிட்டு ரீஸைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டுப் போவது எளிது, நியாயம் அல்ல. 1888 பிப்ரவரியில் 'சன்' பத்திரிகையில் இந்த வேட்டைகளைப் பற்றிய கட்டுரை வந்தது. மாஜிக் லாந்தரில் படங்களைப் போட்டுக் காட்டி மாதா கோயில் சபைகளில் ரீஸ் பிரசங்கம் செய்தார். 1890-இல் 'மற்றப் பாதி மக்கள் எப்படி வாழ்கிறார்கள்' என்று பொருள்படும் புத்தகம் வெளிவந்தது. தியோடர் ரூஸ்வெல்ட் என்ற இளம் அரசியல்வாதி அதைப் படித்துவிட்டு ரீஸின் ஆபீஸுக்கே வந்தார். ஆள் இல்லாததால், உதவி செய்ய வந்தேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். 1895-இல் நியூயார்க் போலீஸ் நிர்வாகக் குழுவுக்கு ரூஸ்வெல்ட் தலைவரானார். மறு வருஷமே போலீஸ் ஸ்டேஷன்களில் இருந்த அந்தத் தங்கும் அறைகள் மூடப்பட்டன. நாய் செத்த அந்த இரவுக்கு இருபத்தாறு வருஷம் கழித்துப் பதில் கிடைத்தது. மல்பெரி வளைவு என்ற கொடிய சந்தும் இடித்துத் தள்ளப்பட்டது. அங்கே 1897-இல் ஒரு பூங்கா திறந்தார்கள். இன்று அதற்குக் கொலம்பஸ் பூங்கா என்று பெயர். குழந்தைகள் ஓடி விளையாடுகிற இடம். அந்த மரநிழலுக்கு ஒரு வறுவல் சட்டியும் காரணம்.

இரண்டும் உண்மை. தூங்குகிறவர்களைக் கேட்காமல் எழுப்பிய வெளிச்சமும் அதுதான். அவர்களுடைய பிள்ளைகளுக்குக் காற்றும் வெயிலும் கிடைக்கச் செய்த வெளிச்சமும் அதுதான். அதே புத்தகத்தில் இத்தாலியர், யூதர், சீனர்களைப் பற்றி இன்று படித்தால் கூசும்படியான வார்த்தைகளையும் ரீஸ் எழுதியிருக்கிறார். சுவரை எல்லாம் காட்டிய வெளிச்சம் மனிதர்களை முழுதும் காட்டவில்லை. 1914-இல் ரீஸ் காலமானார். கண்ணாடி பிளேட்டுகள் அவர் குடும்பத்தார் வசித்த வீட்டின் மச்சில் கவனிப்பாரற்றுக் கிடந்தன. அலெக்ஸாண்டர் ஆலண்ட் என்ற போட்டோக்காரர் 1946-இல் தேடிப் பிடித்து அவற்றை நியூயார்க் நகரப் பொருட்காட்சிச் சாலையில் சேர்ப்பித்தார். ரீஸின் பெயர் அவற்றில் இருக்கிறது. பேயார்ட் தெருவில் கண் விழித்தவர்களின் பெயர்கள் இல்லை.

பொடி ஆபத்தானது. அதைக் கையாண்டு விரலையும் கண்ணையும் இழந்தவர்கள் உண்டு. ஆகவே 1929-30 வாக்கில் பிளாஷ் பல்பு வந்தபோது போட்டோக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினியத் தகடு, சுற்றிப் பிராணவாயு. பாட்டரியின் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளேயே எரிந்து தீர்ந்துவிடும். சப்தம் இல்லை, புகை இல்லை. ஒரு பல்புக்கு ஒரு படம்.

இந்தப் பல்பைத் தூக்கிக்கொண்டு அதே நியூயார்க்கின் இரவுகளில் சுற்றியவர் வீஜி. இயற்பெயர் ஃபெல்லிக். இன்று உக்ரைனில் இருக்கிற ஓர் ஊரில் 1899-இல் பிறந்தவர். சிறு பையனாகக் குடும்பத்தோடு அமெரிக்கா வந்து, ரீஸ் படம் எடுத்தாரே, அதே மாதிரி வாடகைக் கட்டடங்களில் வளர்ந்தவர். ரீஸைப் போலவே இவரும் போலீஸ் தலைமை அலுவலகத்துக்கு அருகிலேயே அறை எடுத்துக்கொண்டார். 1938-இல் காரில் போலீஸ் ரேடியோ வைத்துக்கொள்ள அனுமதி பெற்றார். ஸ்பீட் கிராஃபிக் காமிராவைப் பத்து அடிக்கு முன்கூட்டியே சரிசெய்து வைத்துக்கொண்டு, கொலை நடந்த இடத்தில் பல்பைக் கொளுத்தினார். செத்தவனைவிடச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிறவர்களின் முகங்களில்தான் அவருக்கு அக்கறை.

அந்தக் கட்டடங்களிலிருந்து புறப்பட்ட பையனே கையில் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டுவிட்டான். இனியாவது கேட்டு எடுப்பான் என்று நாம் எதிர்பார்க்கலாம் அல்லவா? வீஜி சினிமாக் கொட்டகை இருட்டில், கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைப் பயன்படுத்தி, தங்களை மறந்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களைப் படம் எடுத்தார். சிரிப்பு, அழுகை, முத்தம், குறட்டை எதுவும் தப்பவில்லை. கண் கூசினால்தானே தெரியும்? இந்த வெளிச்சத்தில் அதுவும் இல்லை. படங்கள் அருமையானவை. பார்க்கிறபோது நமக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இந்த இருவருக்கும் நேர் எதிரான ஒரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வின்ஸ்டன் லிங்க் என்று பெயர். 1955 முதல் 1960 வரையில், அமெரிக்காவில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி எஞ்சின்களை இரவு வேளையில் படம் எடுத்தவர். மேற்கு வர்ஜீனியாவில் அயேகர் என்ற ஊரில், 1956 ஆகஸ்டில் திறந்தவெளி சினிமாக் கொட்டகை ஒன்றில் எடுத்த படம் அவருக்கு அழியாப் புகழ் தந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட பல்புகளை முன்னதாகவே அங்கங்கே நட்டு, ஒயரால் இணைத்து, எஞ்சின் வருகிற க்ஷணத்தில் ஒரே சமயத்தில் எரிய வைத்தார். முன்னால் காரில் ஓர் இளம் ஜோடி. அவர்களிடம் பேசி, சம்மதம் வாங்கி உட்கார வைத்தார். அவர்களுக்கும் தெரியும், எஞ்சின் டிரைவருக்கும் தெரியும். ஒரு வேடிக்கை என்னவென்றால், அத்தனை வெளிச்சத்தில் சினிமாத் திரையில் இருந்த படம் அடிபட்டுப் போய்விட்டது. திரையில் தெரிகிற ஆகாய விமானத்தை லிங்க் பிறகுதான் சேர்த்தார். எங்கள் பாட்டியின் கண்களைப் போலத்தான்.

காமிராவை விட்டு விளக்கைத் தள்ளி வைப்பதன் அருமையை லிங்கின் படங்களில் பார்க்கலாம். காமிராவின் தலையிலேயே பிளாஷ் உட்கார்ந்திருந்தால் வெளிச்சம் முகத்தில் நேராக அறையும். மூக்கும் கன்னமும் ஒன்றாகித் தட்டையாகிவிடும். பின்சுவரில் கரிய நிழல் விழும். வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஐந்தடி தூரத்தில் ஒரு பங்கு விழுகிற வெளிச்சம் பத்தடியில் கால் பங்குதான் விழும். அதனால்தான் கல்யாணப் படங்களில் முன்வரிசை மாமா வெளுத்தும் பின்வரிசைச் சித்தப்பா இருண்டும் போகிறார்கள். விளக்கைக் கழற்றி ஒயரிலோ, இப்போது வருகிற ரேடியோ விசையிலோ இணைத்துப் பக்கவாட்டில் பிடித்தால், அல்லது வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும்படி வைத்தால், முகத்துக்கு மேடு பள்ளமும் சுருக்கங்களுக்கு மரியாதையும் வந்து சேரும்.

இதை நான் என் அம்மாவிடம்தான் பழகினேன். முதல் நாள் நேராக அடித்த படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா, போலீஸ் ஸ்டேஷனில் மாட்டி வைக்கிற படம் மாதிரி இருக்கு?" என்றாள். மறுநாள் விளக்கைத் தனியே எடுத்து அலமாரியின் மேல் வைத்து, சுவரைப் பார்த்துத் திருப்பினேன். அந்த ஏற்பாட்டுக்குக் கால்மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அம்மா தலையை வாரிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். "எடுக்கிறதுக்கு முன்னாடி சொல்லு" என்றாள். சொல்லிவிட்டு எடுத்தேன். படத்தில் அவளே இருந்தாள்.

இனி, சாட்சியத்துக்கு வருகிறேன்.

இன்று நாம் உபயோகிக்கிற பிளாஷ் எரிவதே இல்லை. அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரியில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் என்பவர் 1930-களில் வளர்த்தெடுத்த முறை இது. மின்சாரத்தை ஒரு கண்டென்ஸரில் சேர்த்து வைத்து, வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஒரேயடியாகப் பாய்ச்சுவது. பால் துளி ஒன்று விழுந்து கிரீடம் போல் தெறிக்கிற 1957-ஆம் வருஷத்துப் படம் அவருடையதுதான். துப்பாக்கிக் குண்டு ஆப்பிளைத் துளைத்து வெளியேறுவதையும் படம் எடுத்தார். அவ்வளவு குறுகிய வெளிச்சம். கல்யாண வீடுகளுக்கு வந்த பிளாஷும் அந்த வம்சம்தான். சில நூறில் ஒரு பங்கு விநாடி, அல்லது அதற்கும் குறைவு. அதற்குள் எரிந்து அணைந்துவிடும்.

இதைப் படித்துக்கொண்டிருந்த இரவில் எனக்குத் திடீரென்று ஒன்று உறைத்தது. வெளிச்சம் பட்டதை உணர்ந்து இமை மூடத் தொடங்கவே சுமார் இருபதில் ஒரு பங்கு விநாடி ஆகும். அதற்குள் பிளாஷ் வந்து போயிருக்கும், படமும் விழுந்திருக்கும். அப்படியானால் பாட்டி கண்ணை மூடியது பிளாஷினால் அல்ல!

எழுந்து போய்ப் பழைய ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். இமை தற்செயலாகவும் மூடியிருக்கலாம். மனிதர்கள் ஓயாமல் இமைக்கிறவர்கள்தாமே. ஆனால் அந்தக் கை? வாழைக்காயை விட்டுவிட்டு, அரிவாள்மணையைத் தாண்டி, கழுத்தளவுக்கு உயர்ந்து, உள்ளங்கையை வெளியே காட்டி நிற்கிற கை? அது ஒரு விநாடியில் சிறு துணுக்குக்குள் வந்த கை அல்ல. போட்டோக்காரரைப் பாட்டி பார்த்திருக்கிறாள். காமிரா உயர்வதையும் பார்த்திருக்கிறாள். வெளிச்சம் வருவதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டியிருக்கிறாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதை நாங்கள் கூச்சம் என்று வாசித்து, ஆல்பத்தில் ஒட்டி, சிரித்து, ஐந்து வருஷம் கழித்துக் கையை வெட்டிவிட்டுக் கண்ணையும் திறந்து வைத்தோம்.

இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு விடியற்காலையிலேருந்து அடுப்படியில் இருந்தாங்க. கிழிஞ்ச புடவை. நல்ல புடவையை மாத்திக்கிட்டு அப்புறம் வரேன்னு சொன்னாங்களோ என்னவோ" என்றாள்.

அப்படியும் இருக்கலாம். எனக்கு அது தோன்றவே இல்லை. கால்மணி நேரம் கொடுத்திருந்தால் தலையை வாரிக்கொண்டு, புடவை மாற்றிக்கொண்டு பாட்டியும் வந்து உட்கார்ந்திருப்பாளோ? ஆயுசு குறையும் என்று பயந்தாள் என்பதும் நாங்கள் பிற்பாடு கட்டிய கதைதானோ? யாராவது அன்றைக்கே அவளைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். போட்டோக்காரர் கேட்கவில்லை. ஆல்பத்தைச் சுற்றி உட்கார்ந்து சிரித்த நாங்களும் கேட்கவில்லை.

ஆனாலும் அந்த மனிதர் அன்றைக்குக் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால், பாட்டி முடியாது என்று சொல்லியிருந்தால், இன்று என்னிடம் அவளுடைய முகமே இருந்திராது. இதையும் நான் மறைக்கக்கூடாது. ரீஸின் கதையில் வந்த சங்கடந்தான் இது. எங்கள் வீட்டுச் சமையற்கட்டு வரைக்கும் வந்துவிட்டது.

கூடத்துப் படத்தை எடுத்துவிடலாமா என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சம்மதிக்கவில்லை. முப்பது வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்ட கண்கள் என்றார். ஆகவே அது அங்கேயே இருக்கிறது. ஆல்பத்துப் படத்தை, கையும் அரிவாள்மணையும் சேர்ந்து தெரிகிற சிறிய படத்தை, கண்ணாடி போட்டு என் எழுதுமேஜைமேல் வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள், "இது யார்? ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்?" என்று கேட்கிறார்கள். "எங்கள் பாட்டி. கொஞ்சம் இருக்கச் சொல்கிறாள்" என்று பதில் சொல்கிறேன்.